எலிசபெத் காலத் துன்பியல் நாடகம் பாடமான வரலாறு

எலிசபெத் காலத்துச் செய்யுள் துன்பியல் நாடகத்தின் வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. முதலாம் எலிசபெத் 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டார். அந்நாளில் கிராமர் ஸ்கூல் எனப்பட்ட பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு பாடமே அல்ல. காலை முதல் மாலை வரை லத்தீன்தான். வில்லியம் லில்லியின் இலக்கணத்தை நெட்டுருப் போட்ட சிறுவர்கள் அடுத்து லத்தீன் எழுத்தாளர்கள் டெரன்ஸ், சிசரோ, ஓவிட் என்று ஏறிப்போனார்கள். படிப்பது என்றால் வாய்விட்டுப் படிப்பதுதான். ரோஜர் ஆஸ்கம் 1570-ல் வெளிவந்த 'தி ஸ்கூல்மாஸ்டர்' நூலில் ஒரு பயிற்சியைச் சொல்கிறார். மாணவன் லத்தீன் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். ஒரு மணி நேரமாவது கழிந்தபின், மூலத்தைப் பார்க்காமல், தன் ஆங்கிலத்தை மறுபடியும் லத்தீனாக்க வேண்டும். பிறகு ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்து எங்கே சிசரோ மேலானவர் என்று காட்டுவார். எராஸ்மஸின் 'டி கோப்பியா' என்ற பாடநூலோ ஒரே செய்தியை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் சொல்லிக் காட்டியது. இப்படிப் பயின்ற சிறுவனுக்கு மொழி, கையில் பிசைந்து உரு மாற்றும் களிமண்ணாக ஆகிவிட்டது.

நடிப்பும் அந்தப் படிப்பில் ஒரு பகுதி. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கு அரசி 1560-ல் வகுத்த விதிகளில் ஆண்டுதோறும் மாணவர்கள் நாடகம் போட வேண்டும் என்பதும் இருந்தது. லண்டனில் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராக 1561 முதல் 25 ஆண்டுகள் இருந்த ரிச்சர்ட் மல்காஸ்டர் தம் மாணவர்களை அரசவைக்கே அழைத்துப்போய் நடிக்கவைத்தார். குரலுக்கும் நடைக்கும் கூச்சம் போவதற்கும் நடிப்பைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர்களில் ஒருவர் தாமஸ் கிட். 'தி ஸ்பானிஷ் டிராஜெடி' எழுதி, பழிவாங்கும் துன்பியல் என்ற வகைக்கே லண்டன் மேடையில் வழிபோட்டவர் இவர்தான். மற்றொரு நாடகாசிரியரான மார்லோ கேன்டர்பரி கிங்ஸ் பள்ளியில் படித்தார். ஷேக்ஸ்பியர் படித்ததாகக் கருதப்படும் ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளியின் அந்தக்காலப் பதிவேடு கிடைக்கவில்லை. ஆனாலும் அவருடைய நாடகங்களில் கிராமர் ஸ்கூல் பாடத்திட்டத்தின் வாசனை அடிக்கிறது.

துன்பியலுக்கு முன்மாதிரி ரோமானிய நாடகாசிரியர் செனெக்கா. அவர் பெயரில் வழங்கிய 10 நாடகங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1581-ல் ஒரே தொகுதியாக அச்சாயிற்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் இன்னர் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் தாமஸ் நார்ட்டனும் தாமஸ் சாக்வில்லும் எழுதிய 'கார்போடக்' அரங்கேறியிருந்தது. ஆங்கிலத்தில் பிளாங்க் வெர்ஸ் என்ற யாப்பில் அமைந்த முதல் துன்பியல் நாடகம் அது. அந்த யாப்பில் அடி இறுதியில் இயைபு கிடையாது. ஓர் அடிக்குப் பத்து ஒலியசை. அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தம் பெற்று ஐந்து தட்டு விழும். 'கார்போடக்'கில் இந்தத் தட்டு கடிகாரம்போல விழுந்துகொண்டே இருக்கிறது. இன்று அதைப் படித்து முடிக்கப் பொறுமை வேண்டும். 1587 வாக்கில் மார்லோவின் 'டாம்பர்லேன்' வந்த பிறகே அந்த அடிக்கு மூச்சு வந்தது. ஷேக்ஸ்பியர் அதை மேலும் நெகிழ்த்தினார். வாக்கியம் அடியின் நடுவில் முடியும், அடுத்த அடிக்குள் வழிந்தோடும், ஓரடியை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள்.

நடிகர்களுக்கே முழு நாடகம் கையில் கிடைத்ததில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சும், அதற்கு முன் பேசுபவரின் கடைசிச் சில சொற்களும் மட்டும் எழுதிய ஒரு சுருள் தரப்படும். எட்வர்ட் ஆலன் என்ற நடிகருக்காக எழுதிய அப்படியொரு சுருள், அவர் நிறுவிய டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. எதிராளி என்ன சொல்லப்போகிறார், எப்போது நிறுத்துவார் என்பது தெரியாத நடிகர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் மேடையில் நிற்க முடியும். பார்வையாளர்களுக்கும் காதுதான் வழி. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடினமான உருவகங்கள் நிறைந்த 'ஹாம்லெட்' அவர்களுக்கு விளங்கியது என்றால், யாப்பின் தட்டும் நடிகரின் மூச்சும் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தன என்பதே காரணம். பின்னாளில் வகுப்பறை இந்தத் துணையை வெகுகாலம் இழந்திருந்தது.

நாடகத்தைத் துண்டாக்கும் வழக்கம் ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்தபோதே தொடங்கிவிட்டது. 1600-ல் வெளியான 'இங்கிலாந்ஸ் பர்னாஸஸ்' என்ற தொகுப்பு, புதிய கவிஞர்களின் வரிகளைப் பொருள்வாரியாக அடுக்கித் தந்தது. 1752-ல் வில்லியம் டாட் 'ஷேக்ஸ்பியரின் அழகுகள்' என்ற தொகுப்பை வெளியிட்டார். பள்ளிகளில் பெரிதும் புழங்கியது 1774-ல் வந்த வில்லியம் என்ஃபீல்டின் 'தி ஸ்பீக்கர்'. வாரிங்டன் அகாடமி மாணவர்களின் பேச்சுப் பயிற்சிக்காக அவர் தொகுத்த நூல் அது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசரின் பிணத்தருகே ஆண்டனி ஆற்றும் உரையைப் போன்ற பகுதிகளை மாணவர்கள் இத்தகைய நூல்களிலிருந்தே மனப்பாடம் செய்து, கையசைத்து, குரல் ஏற்றி இறக்கி ஒப்பித்தார்கள். அந்த உரைக்கு முன்னால் புரூட்டஸ் என்ன பேசினான், பின்னால் ரோம் நகரம் என்ன ஆயிற்று என்பது தெரியாமலே அவர்கள் பள்ளி வாழ்க்கை முடிந்திருக்கும். ஆனாலும் இந்த முறையை முழுக்கப் பழிக்க முடியாது. வரி வாயில் நின்றது.

1807-ஆம் ஆண்டு இரண்டு நூல்களைத் தந்தது. ஒன்று, சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் எழுதிய 'டேல்ஸ் ஃப்ரம் ஷேக்ஸ்பியர்'. துன்பியல் நாடகங்களைச் சார்லஸும் இன்பியல் நாடகங்களை மேரியும் உரைநடைக் கதையாக்கினார்கள். தந்தையின் நூலகத்தைத் தொடும் உரிமை ஆண்பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கிடைத்துவிடுவதால் நூல் முதலில் பெண்பிள்ளைகளுக்கானது என்று முன்னுரை சொல்கிறது. இந்தியப் பள்ளிகளில் நான்-டீடெயில் புத்தகமாக இது பல தலைமுறை ஓடியது. மற்றொன்று 'தி ஃபேமிலி ஷேக்ஸ்பியர்'. வீட்டில் பிள்ளைகள் முன் படிக்கத் தகாதவை என்று கருதிய சொற்களை நீக்கிய இந்தப் பதிப்பின் வேலையைச் செய்தவர் ஹாரியட் பௌட்லர் என்ற பெண்மணி. அட்டையில் அவர் பெயர் இல்லை. 1818-ல் அவர் சகோதரர் தாமஸ் பெயரில் 10 தொகுதிகளாக விரிந்து வந்தது. உறக்கத்தில் நடந்துவரும் மேக்பெத்தின் மனைவி கைக்கறையைச் சபிக்கும் இடத்தில், சாபச்சொல்லை எடுத்துவிட்டு ஒரு நிறத்தின் பெயரை வைத்தது இந்தப் பதிப்பு. சித்தம் கலங்கியவள் நிறம் பார்த்துப் பேசுவாளா என்ற கேள்வி பௌட்லர்களுக்கு எழவில்லை. இதே சார்லஸ் லாம்ப் 1811-ல் எழுதிய கட்டுரையில், 'லியர் அரசன்' மேடையில் நடிக்க இயலாதது, தனியே அமர்ந்து படிக்க வேண்டியது என்று வாதிட்டார். அன்றைய மேடையில் நடந்ததோ நேஹம் டேட் 1681-ல் திருத்திச் சுபமாக முடித்த லியர். அதைப் பார்த்தவர் அப்படி எழுதியதில் வியப்பில்லை. ஆனால் நாடகம் கண்ணுக்குரியது, காதுக்குரியதன்று என்ற எண்ணம் கல்விக்கூடங்களில் இதற்குப் பின் உறுதிப்பட்டது.

ஆங்கில இலக்கியம் முறையான கல்லூரிப் பாடமாக முந்தி வேர்விட்ட இடங்களில் இந்தியாவும் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்குத் தனித் தேர்வு 1894-லும் கேம்பிரிட்ஜில் 1917-லும் நிலைபெற்றன. கல்கத்தா இந்துக் கல்லூரியிலோ 1830-களிலேயே கேப்டன் டி. எல். ரிச்சர்ட்ஸன் ஷேக்ஸ்பியரை வகுப்பில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவில் கண்ட மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் ரிச்சர்ட்ஸன் ஷேக்ஸ்பியர் படித்ததை மறக்க முடியாது என்று ஆங்கிலேய அதிகாரி மெக்காலே சொன்னதாகப் பதிவு உண்டு. இங்கிலாந்தில் கிரேக்கமும் லத்தீனும் பிடித்திருந்த இடத்தை இங்கே ஆங்கில இலக்கியத்துக்குக் கொடுத்தார்கள். மதச்சார்பில்லாத அரசுக் கல்லூரியில் பைபிளைப் பாடமாக வைக்க முடியாத நிலையில், ஒழுக்கத்தைப் புகட்டும் வேலையும் கவிஞர்கள் தலையில் விழுந்தது என்பதைக் கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1855-ல் இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு தொடங்கியதும் ஆங்கில இலக்கியம் உத்தியோகத்துக்கான படியும் ஆனது.

சென்னையில் இந்த ஒழுக்கப் பார்வைக்குத் தெளிவான சான்று கிறிஸ்துவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர். 1862-ல் சென்னைக்கு வந்த அவர் லியர், மேக்பெத், ஒதெல்லோ, ஹாம்லெட் ஆகிய நான்கையும் பற்றி 1900-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் தனித்தனி நூல்கள் எழுதினார். தலைப்புகளே அவர் பாடம் நடத்திய விதத்தைச் சொல்லிவிடும்: 'லியரும் இந்திய அரசியலும்', 'மேக்பெத்தும் ஆன்மாக்களின் அழிவும்', 'ஒதெல்லோவும் குணத்தின் சரிவும்', 'ஹாம்லெட்டும் வீணான வாழ்வும்'. யாப்பைப் பற்றியோ மேடையைப் பற்றியோ அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. மனிதன் எங்கே வழுக்கினான் என்பதே கேள்வி.

மாணவர்கள் கையில் இருந்ததோ வேறு வகை நூல். கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் கிளார்க்கும் ஆல்டிஸ் ரைட்டும் 1868 முதல் கிளாரெண்டன் பதிப்பகத்துக்காகத் தனித்தனி நாடகங்களைக் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். இந்திய மாணவர்களிடம் பரவியவை கே. டைட்டனின் மாக்மில்லன் பதிப்புகள். இவர் ஆக்ரா கல்லூரி முதல்வராக இருந்தவர், எந்த வரியில் இந்திய மாணவன் தடுக்கி விழுவான் என்று அறிந்தவர். பிறகு ஏ. டபிள்யூ. வெரிட்டியின் பிட் பிரஸ் பதிப்புகள் வந்தன. சென்னை மாகாணத்தில் 'வெரிட்டி' என்பது புத்தகத்தின் பெயராகவே ஆகிவிட்டது. முன்னுரை, மூலம், அதன்பின் மூலத்தைவிடக் கனமான குறிப்புப் பகுதி, சொல்லடைவு, யாப்பைப் பற்றிச் சில பக்கம் என்பது அதன் அமைப்பு. பதவுரை, பொழிப்புரை, மேற்கோள் என்று வளர்ந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றியிருக்காது. தமிழ்த் தேர்வில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்பதுபோலவே ஆங்கிலத் தேர்விலும் இரண்டு வரியைக் கொடுத்துச் சந்தர்ப்பம் கேட்டார்கள். யார், யாரிடம், எப்போது சொன்னது என்று மூன்று வாக்கியம் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பதிப்பாசிரியர் உழைப்பைச் சாறு பிழிந்து கொடுக்கும் 'நோட்ஸ்' வணிகம் இதன் நிழலில் வளர்ந்தது.

பதிப்புக் குறிப்புகளின் பின்னால் நின்ற பெரிய நூல் எட்வின் அபட்டின் 'ஷேக்ஸ்பியர் இலக்கணம்'. சிட்டி ஆஃப் லண்டன் பள்ளித் தலைமையாசிரியரான அபட் 1869-ல் மாணவர்களுக்காக எழுதியது. 'ஃபிளாட்லேண்ட்' என்ற கணிதக் கற்பனைக் கதையின் ஆசிரியரும் அவரே. எலிசபெத் கால ஆங்கிலத்தில் வினைச்சொல் எங்கே நிற்கும், எந்தச் சொல் விடுபடும், ஒருவரை ஒருமையில் அழைப்பது எப்போது அன்பு, எப்போது அவமதிப்பு என்பதை எல்லாம் எடுத்துக்காட்டுகளோடு வரிசைப்படுத்தினார். இந்தக் கடைசி விஷயம் துன்பியல் நாடகத்தின் உயிர்நிலை. 'லியர்' முதற்காட்சியில், கடைக்குட்டி மகளை விரட்டும் அரசனைத் தடுக்கவரும் கென்ட் பிரபு பணிவாகத் தொடங்கி, அரசன் காது கொடுக்காதபோது, சபை நடுவே அவனை ஒருமைக்கு இறக்கிவிடுகிறான். இன்றைய ஆங்கிலம் பேசும் மாணவனுக்கு அந்த அதிர்ச்சியைக் குறிப்பு எழுதித்தான் விளக்க வேண்டும். முதலாளியை ஒரு வேலையாள் திடீரென்று 'நீ' என்று கூப்பிட்டால் கூடத்தில் என்ன நடக்கும் என்று அறிந்த தமிழ் மாணவனுக்குக் குறிப்பே வேண்டாம்.

குறிப்புப் புத்தகத்தால் பிடிக்க முடியாதவையும் உண்டு. 'மேக்பெத்' இரண்டாம் அங்கத்தில் அரசனைக் கொன்றுவிட்டு மேக்பெத் இறங்கிவருகிறான். இருட்டில் கணவனும் மனைவியும் ஒற்றைச்சொல் கேள்வியும் ஒற்றைச்சொல் பதிலுமாக ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்கிறார்கள். சொற்கள் அத்தனையும் குழந்தைக்குத் தெரிந்தவை. பதிப்பாசிரியர் விளக்க அங்கே ஏதுமில்லை. இருவர் குரலில் படித்தால், அந்தத் துண்டுகள் யாப்படியில் ஒன்றையொன்று துரத்துவதும், இடைவெளி விழும் இடத்தில் பயம் ஏறுவதும் கேட்கும். ஒருவர் வாய்க்குள் முணுமுணுத்தால் ஒன்றும் கேட்காது. பங்கிட்ட அடிகளைப் படிக்கட்டுப்போலத் தள்ளித் தள்ளி அச்சிடும் இன்றைய வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீவன்ஸ் பதிப்பில் வந்தது. அது கண்ணுக்கு ஓர் உதவி, அவ்வளவே.

கல்லூரி வகுப்புகளுக்கு வெளியே தமிழர்கள் இந்த நாடகங்களை வேறு விதமாக எதிர்கொண்டார்கள். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்', லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவியது, துன்பியலும் அன்று. ஆனால் ஐந்து அங்கம், களம் என்ற பிரிவும், பேச்சோடு ஒட்டி ஓடும் ஆசிரியப்பாவைத் தேர்ந்ததும் ஆங்கிலச் செய்யுள் நாடகத்தைக் காதால் படித்தவர் செய்த காரியம். அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆகவும் மேக்பெத்தை 'மகபதி' ஆகவும் மேடைக்குக் கொண்டுவந்தார். மில்லரின் கல்லூரியில் படித்து அங்கேயே தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் 'நாடகவியல்' என்ற இலக்கணம் செய்தார். மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் இன்னும் ஒரு படி போனார். 1926-ல் மதுரைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்ட அவருடைய 'மதங்க சூளாமணி', ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துக்கொண்டு, சில பகுதிகளைத் தமிழ்ச் செய்யுளாக்கி, சுவை, மெய்ப்பாடு என்ற தமிழ் அளவைகளால் விளக்குகிறது. வெரிட்டியின் பதவுரையும் மில்லரின் ஒழுக்கவுரையும் தராத ஒன்றை, அதாவது இந்தக் காட்சி பார்ப்பவரிடம் எந்த உணர்ச்சியை எப்படி எழுப்புகிறது என்ற விளக்கத்தை, இந்தச் சிறு நூல் தருகிறது. ஆங்கில வகுப்புகள் அதைக் கண்டுகொள்ளாதது பெரிய இழப்பு.

இங்கிலாந்தில் 1904-ல் ஏ. சி. பிராட்லியின் 'ஷேக்ஸ்பியரியத் துன்பியல்' வந்ததும் தேர்வுக் கேள்விகளின் முகம் மாறியது. சொற்பொருள் போய்க் குணச்சித்திரம் வந்தது. பிராட்லி பாத்திரங்களை அண்டைவீட்டார்போல விசாரிப்பவர். தந்தை இறந்தபோது ஹாம்லெட் எங்கே இருந்தான் என்பதற்குத் தனிக் குறிப்பே எழுதியிருக்கிறார். 1933-ல் எல். சி. நைட்ஸ், மேக்பெத் சீமாட்டிக்கு எத்தனை குழந்தைகள் என்று தலைப்பிலேயே கேலிசெய்து, நாடகம் முதலில் ஒரு கவிதை, அதன் சொற்களையும் படிமங்களையும் பாருங்கள் என்றார். இரு தரப்பும் ஒருவரையொருவர் மறுத்தாலும் மாணவன் என்னவோ நாற்காலியைவிட்டு எழவில்லை.

எழுப்பியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். இங்கிலீஷ் அசோசியேஷன் 1908-லேயே ஷேக்ஸ்பியரைப் பள்ளியில் வாய்விட்டுப் படிக்கவும் நடிக்கவும் வேண்டும் என்று துண்டறிக்கை வெளியிட்டது. கேம்பிரிட்ஜ் பெர்ஸ் பள்ளியில் ஹென்றி கால்டுவெல் குக், திரையும் மேடையும் உடைகளும் கொண்ட தனி அறை ஒன்றை அமைத்து, நாடகத்தை முதல்முறை படிக்கும்போதே சிறுவர்களை நடித்துக்கொண்டு படிக்கவைத்தார். அந்த அனுபவம் 1917-ல் 'தி ப்ளே வே' என்ற நூலாயிற்று. அவருக்குக் கைதட்டல் கிடைத்தது; பின்பற்றியவர்கள் கொஞ்சம்.

திருப்பம் 1980-களில் வந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் 1969 முதல் குரல் பயிற்றுநராக இருந்த சிஸிலி பெர்ரி நடிகர்களுக்குச் செய்யவைத்த ஒரு பயிற்சி பள்ளிகளுக்கும் பரவியது. பேச்சைச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தக்குறியிலும் திரும்பி வேறு திசையில் போக வேண்டும். நிதானமாக அரசாணை பேசும் பாத்திரம் நீளமாக நடக்கும். விருந்துக்கு வந்த அரசனைக் கொல்லலாமா என்று தனியே குமைந்துகொண்டிருக்கும் மேக்பெத்தைப் பேசுபவர் நாலடிக்கு ஒருமுறை திரும்பித் தலைசுற்றி நிற்பார். அந்த மனத்தின் நிலை என்ன என்று பிறகு கேட்டால், குறிப்பைப் பார்க்காமல் பதினான்கு வயதுப் பிள்ளை சொல்லும். 1986-ல் கேம்பிரிட்ஜில் ரெக்ஸ் கிப்ஸன் தொடங்கிய 'ஷேக்ஸ்பியரும் பள்ளிகளும்' திட்டம் இத்தகைய பயிற்சிகளை ஆசிரியர்களிடமிருந்தே திரட்டியது. அதிலிருந்து பிறந்த பள்ளிப் பதிப்பில் வலப்பக்கம் மூலம், இடப்பக்கம் செய்துபார்க்க வேண்டிய வேலைகள். அமெரிக்காவில் வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகம் 1984 முதல் ஆசிரியர்களுக்கு இதே வழியில் பயிற்சி தந்தது.

இங்கிலாந்தில் அரசின் கையும் அதே காலத்தில் நீண்டது. 1989-ல் தொடங்கிய தேசியப் பாடத்திட்டம் ஷேக்ஸ்பியரைக் கட்டாயமாக்கியது. பதினான்கு வயதினருக்கான ஷேக்ஸ்பியர் தேர்வு, குறித்த சில காட்சிகளை மட்டும் வகுப்பில் அரைத்து அரைத்துப் படிக்கும் நிலையை உண்டாக்கியதால் ஆசிரியர்களின் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்தது, 2008-ல் கைவிடப்பட்டது. பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வு 2015-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின்படி நடக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை முழுதாகப் படித்திருக்க வேண்டும். பள்ளிகள் பெரும்பாலும் 'மேக்பெத்'தையோ 'ரோமியோ ஜூலியட்'டையோ எடுத்துக்கொள்கின்றன. தேர்வறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது; நினைவிலுள்ள வரிகளைக் கொண்டே விடை எழுத வேண்டும். வாய்விட்டுச் சொல்லிக்காட்டுவதற்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் கிடையாது.